கரும்புக்குப் போனவர்களும் வாக்காளர் பட்டியலும்: குவாதலூப் தீவு நமக்குச் சொல்வது என்ன?

கடல் கடந்து கூலிக்குப் போன தமிழர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நமக்கு நினைவுக்கு வருவது இலங்கையும் மலேயாவும் பர்மாவும்தான். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் பாரதி கண்ணீரோடு பாடிய பிஜித் தீவைச் சொல்வார்கள்; மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா என்று அடுக்குவார்கள். அட்லாண்டிக் பெருங்கடலையும் தாண்டி, கரிபியன் கடலின் ஓரத்தில் குவாதலூப் என்றொரு தீவு உண்டு. அங்கே மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், சிதம்பரம் என்பவை இன்றும் அங்கே குடும்பப் பெயர்கள். இது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கும்.

மட்டாஞ்சேரியில் மூட்டை சுமப்பவனுக்கும், வெளியில் துணி வெளுப்பவனுக்கும், வாத்துருத்தியில் குடியிருந்து கட்டட வேலைக்குப் போகிறவனுக்கும் அந்தத் தீவால் ஆவதென்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மைப் போலவே பிழைக்கப் போன மக்கள் அவர்கள். நம்மைவிட நூறு மடங்கு தொல்லைப்பட்டவர்கள். அவர்கள் பெற்றது எது, இழந்தது எது, எதனால் பெற்றார்கள், எதனால் இழந்தார்கள் என்று ஐந்தொகை போட்டுப் பார்த்தால், நாம் இன்று செய்யத் தவறிக்கொண்டிருக்கும் காரியங்கள் தாமே தெரியவரும். அதற்காகவே இக்கட்டுரை.

நிலமும் மக்களும்

குவாதலூப்பின் பரப்பு 1,628 சதுர கிலோமீட்டர். நமது ஆலப்புழை மாவட்டத்தைவிடச் சற்றே பெரிது. படத்தில் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். மேற்குச் சிறகு பாஸ்-தேர். மலையும் காடும் மழையும் நிறைந்தது. அங்குள்ள சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரம். 1976-ல் அது குமுறியபோது 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களை வீடு வாசலை விட்டு அப்புறப்படுத்த நேர்ந்தது. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்புக்கு ஏற்ற நிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய உப்பங்கழி ஓடுகிறது. மாரி-கலாந்த் முதலிய சிறு தீவுகளும் இதைச் சேர்ந்தவை. புயல் அடிக்கடி வந்து போகும் நாடு. 1989-ல் வீசிய ஹியூகோ புயல் தீவையே புரட்டிப் போட்டது.

மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம். 2011 கணக்குப்படி கொச்சி மாநகராட்சிக்கு மட்டுமே 6 லட்சம் பேர் என்பதை நினைத்தால் அளவு புரியும். பெரும்பான்மையோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டோரின் வழி வந்தவர்கள். அடுத்த பெரிய கூட்டம் நம்மவர்களின் வழி வந்தவர்கள். பத்தில் ஒரு பங்குக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. ஆட்சிமொழி பிரெஞ்சு. வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல்.

நம்மவர்கள் போன கதை

1493-ல் கொலம்பஸ் அங்கே போனான். 1635-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்தான். தீவின் பழங்குடிகளான கரீபுகள் அழிந்தார்கள். ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கிவந்து கரும்புக் காட்டில் விட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி 1794-ல் அடிமை முறையை ஒழித்தது. நெப்போலியன் 1802-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தான். லூயி தெல்கிரே என்ற படைத்தலைவர் அதை ஏற்க மறுத்து, முந்நூறு தோழர்களோடு மத்தூபா மலையில் வெடிமருந்துக்குத் தீ வைத்து உயிர் துறந்தார். கடைசியில் 1848-ல்தான் விலங்கு அறுந்தது. எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர்.

விடுதலை பெற்றவன் நியாயமான கூலி கேட்டான். தோட்ட முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கேட்டதைக் கொடுப்பதற்குப் பதிலாக, கேட்காத ஆளைத் தேடினான். அப்போது பிரான்சின் கையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. மேஸ்திரிகள் தஞ்சைப் பக்கமும் தென்னார்க்காட்டுப் பக்கமும் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தார்கள். பஞ்சம் அவர்கள் வேலையைச் சுலபமாக்கியது. 1854 டிசம்பர் 24 அன்று, முந்நூற்றுச் சொச்சம் பேரோடு ஒரேலி என்ற கப்பல் புவாந்த்-ஆ-பித்ரே துறையில் போய்ச் சேர்ந்தது. 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டால் சென்னை, கல்கத்தா வழியாகவும் ஆள் அனுப்பும் வாசல் திறந்தது. 1889 வரை போனவர்கள் 42 ஆயிரத்துக்கு மேல். திரும்பி வந்தவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. மீதிப் பேரில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே நோயாலும் பட்டினியாலும் மாண்டார்கள்.

ஒப்பந்தம் 5 ஆண்டு. ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போனால் ஊர்சுற்றி என்று பிடித்து அடைத்தார்கள். அடிமை என்ற பெயர் போயிற்று. ஒப்பந்தக் கூலி என்ற பெயர் வந்தது. கரும்பு வெட்டும் கத்தி மட்டும் மாறவில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நம்மவர்களை அங்கே கொண்டுபோனதே, உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை உயரவிடாமல் அமுக்குவதற்காகத்தான். அதனால் விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளிக்கு நம்மவர் மேல் வெறுப்பு வந்தது. கூலி எனப் பொருள்படும் சொல்லையே வசையாக்கி ஏசினார்கள். ஏழைக்கு ஏழை பகையானான். முதலாளி நிம்மதியாகத் தூங்கினான். "அண்ணாச்சிகள் வந்துதான் கூலி குறைந்தது" என்ற முணுமுணுப்பை இந்தக் கொச்சியில் நாம் கேட்டதில்லையா? அது யாருக்கு ஆதாயம் என்று பேசுகிறவனும் எண்ணவில்லை. கேட்கிற நாமும் எண்ணுவதில்லை.

வாக்குக்காக ஒரு மனிதர்

ஒப்பந்தம் முடிந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் யார்? பிரெஞ்சுக் குடிமக்களா, பிரிட்டிஷ் அரசனின் பிரஜைகளா? ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காமல் இருப்பதே ஆள்வோருக்கு வசதியாக இருந்தது.

கப்பெஸ்தேர் என்ற ஊரில் 1863-ல் ஓர் இந்தியக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். படித்தார், பொது வாழ்வுக்கு வந்தார். 1904-ல் இந்திய வம்சாவளியினரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறியபோது, தீவின் நிர்வாகம் அதை ஆட்சேபித்தது. "இவர்கள் குடிமக்கள் அல்லர், வாக்களிக்கத் தகுதியற்றவர்கள்" என்பது வாதம். சிதம்பரம் நீதிமன்றம் ஏறினார். ஆண்டுகள் ஓடின; உலகப் போர் ஒன்று வந்து போயிற்று; அவர் விடவில்லை. 1923-ல் ரேமோன் புவான்காரே பிரான்சின் பிரதமராக இருந்தபோதுதான், அத்தீவில் பிறந்த இந்திய வம்சத்தார் பிரெஞ்சுக் குடிமக்களே என்று அரசு ஒப்புக்கொண்டது. வாக்குரிமையும் வந்தது, குடிமகனுக்குரிய இராணுவச் சேவைக் கடமையும் கூடவே வந்தது. ஒரு பட்டியலில் பெயர் நிற்பதற்கு 19 ஆண்டுப் போராட்டம்!

அதன் பலன் என்ன? அதே கூலிகளின் வழிவந்த எர்னஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக வீற்றிருந்தார். சேன்-பிரான்சுவா ஊரின் மேயராகவும் இருந்தார். கரும்புக் காட்டின் பேரன் சட்டசபைக்குப் போனான்!

இதற்கு மாறான கதையை நாம் பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கை மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்தது. 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று ஆட்டு மந்தையைப் போலப் பிரித்துக்கொண்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இதே கேரளத்தின் புனலூர் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டவர்கள். அங்கே எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாத மக்களை எந்த அரசும் எண்ணிக்கையாகத்தான் பார்க்கும், மனிதராகப் பார்க்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆட்சியும் பொருளாதாரமும்

1946-ல் குவாதலூப் காலனி என்ற நிலை நீங்கிப் பிரான்சின் கடல்கடந்த மாவட்டமானது. இன்று பாரிஸ் நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 4 உறுப்பினர்களையும் மேலவைக்கு 3 உறுப்பினர்களையும் அனுப்புகிறது. பாரிஸ் அனுப்பும் பிரிஃபெக்ட் அரசின் பிரதிநிதி. தீவு மக்கள் தேர்ந்தெடுக்கும் மண்டல மன்றமும் மாவட்ட மன்றமும் தனித்தனியே உண்டு. நாணயம் யூரோ. 2003-ல் இரு மன்றங்களையும் ஒன்றாக்கிப் புதிய அமைப்பு ஏற்படுத்தலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியபோது நூற்றுக்கு 73 பேர் வேண்டாம் என்றார்கள். பாரிசின் பிடி தளர்ந்தால் பென்ஷனும் மருத்துவ உதவியும் போய்விடுமோ என்ற அச்சம் அதில் இல்லாமலில்லை.

அந்த அச்சத்துக்குக் காரணம் தீவின் பொருளாதாரம். சர்க்கரை, ரம், வாழைப்பழம், சுற்றுலா இவைதான் தொழில். உண்பது, உடுப்பது, ஓட்டுவது எல்லாம் கப்பலில் வர வேண்டும். வரும் சரக்குக்குக் கடல்வரி என்ற பழைய வரி வேறு. இறக்குமதியும் பெருவணிகமும் ஒரு சில குழுமங்களின் கையில். 2022-ல் பிரெஞ்சு அரசின் புள்ளிவிவர நிறுவனம் கணக்கிட்டபோது, அங்கே உணவுப் பொருள்களின் விலை பிரான்சு பெருநிலத்தைவிட 42 சதவீதம் அதிகமாக இருந்தது. வேலையின்மையோ பெருநிலத்தின் அளவைப்போல இரு மடங்குக்கும் மேல். அரசு ஊழியனுக்கு 40 சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு. தோட்டக் கூலிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அது கிடையாது.

வாழைத் தோட்டங்களில் குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்தை 1972 முதல் தெளித்தார்கள். பிரான்சு 1990-ல் அதைத் தடைசெய்தது. ஆனால் இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து 1993 வரை தெளிக்க விட்டார்கள்! அந்த நஞ்சு மண்ணிலும் தண்ணீரிலும் மீனிலும் தங்கிவிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் அது கலந்திருக்கிறது. காகிதத்தில் சம உரிமை. தோட்டத்தில் பழைய கணக்கு. வாக்குரிமை அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வேறு எது வேண்டும்? ஒற்றுமை வேண்டும். 1967 மே மாதம் புவாந்த்-ஆ-பித்ரேயில் கட்டடத் தொழிலாளர்கள் சிறு கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர் எட்டுப் பேர் என்று அரசு சொன்னது. 1985-ல் பிரெஞ்சு அமைச்சர் ஒருவரே 87 பேர் என்றார். நமக்கு இது புதிதா? 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில், சாப்பா முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் எழுந்தபோது போலீஸ் சுட்டது. உலோகச் சாப்பாவைக் கூட்டத்தில் வீசி எறிவான் கங்காணி. அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. அந்த இழிவை ஒழிப்பதற்காக சைது, செய்தலவி, ஆன்றணி என்ற மூன்று தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். இன்று துறைமுகத்தில் கூலிக்குப் போகும் எவனும், அவன் பேசுவது மலையாளமானாலும் தமிழானாலும், அவர்களுக்குக் கடன்பட்டவன்.

குவாதலூப்பில் 2009 ஜனவரி 20 முதல் 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் ஐம்பது சங்கங்களும் அமைப்புகளும் ஒரே அணியாகத் திரண்டன. விலைவாசிக்கு எதிராகவும், குறைந்த கூலிக்காரனுக்கு 200 யூரோ உயர்வு கேட்டும் தீவு முழுவதும் அடைத்துக் கிடந்தது. ஜாக் பினோ என்ற தொழிற்சங்கத் தோழர் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி உயர்வு ஒப்பந்தத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒருவனை வைத்து மற்றவன் கூலியைக் குறைத்த தீவில், ஆப்பிரிக்க வம்சத்தானின் கூலி வேறு, இந்திய வம்சத்தானின் கூலி வேறு என்று யாரும் பிரித்துப் பேச முடியவில்லை.

இழந்தது எது?

மொழி! நூறு ஆண்டுக்குள் தமிழ் போய்விட்டது. பள்ளியில் பிரெஞ்சு மட்டும், ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர், தெருவில் கிரியோல். தமிழைக் கற்றுக்கொடுக்க ஒரு திண்ணைகூட இல்லை. கோயிலில் பூசாரி தமிழ்ப் பாட்டைப் பாடுகிறார். பொருள் தெரிந்தவர் அரிது. மாரியம்மன் மாலியேமேன் ஆனாள். மதுரை வீரன் மால்தேவிலேன் ஆனான். தப்புக்குத் தப்பூ என்றும் மத்தளத்துக்கு மத்தலோன் என்றும் பெயர் மிஞ்சியது. கொலொம்போ என்ற மசாலாக் கறி அங்கே கறுப்பரும் வெள்ளையரும் எல்லோரும் உண்ணும் தேசிய உணவு. அது நம் குழம்பு என்ற சொல்லின் வழி வந்தது என்பர் சிலர், கொழும்பு நகரின் பெயர் என்பர் வேறு சிலர். நாக்கு ருசியை மறக்கவில்லை, சொல்லை மறந்துவிட்டது.

மொரீசியசைப் பாருங்கள். அங்கேயும் கூலிகளாகத்தான் போனார்கள். அங்கே பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. பள்ளியில் தமிழ் ஒரு பாடம். வீட்டுப் பேச்சில் தமிழ் அங்கும் தேய்ந்துவிட்டது என்றாலும், பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்ததால் எழுத்தாவது நின்றது. மொழி தானாக நிற்பதில்லை. நிறுத்துகிறவர்கள் இருந்தால்தான் நிற்கும்.

நாம் செய்ய வேண்டியது

நாம் கடல் கடந்து வரவில்லை. பாலக்காட்டுக் கணவாயைத்தான் கடந்து வந்தோம். நம் குடியுரிமையை மறுப்பார் எவருமில்லை. ஆயினும் பட்டியலில் நம் பெயர் எங்கே இருக்கிறது? இருபது, முப்பது ஆண்டாகக் கொச்சியில் வாழ்ந்தும், வாக்கு மட்டும் திண்டுக்கல்லிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறது. தேர்தலுக்குப் போனால் நாலு நாள் கூலி போகும். போகாவிட்டால் வாக்குப் போகும். இங்கே குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் கவுன்சிலரிடம் போனால், "உங்கள் வோட்டு இங்கே இல்லையே" என்று முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் மனத்தில் நினைத்துக்கொள்கிறார்.

2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. நிரந்தரமாக இடம் பெயர்ந்தவர் என்பதும் பெயரை நீக்கும் காரணங்களில் ஒன்று. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அங்கே பெயர் போய், இங்கேயும் சேர்க்காமல் விட்டால், நாம் இரண்டு ஊருக்கும் இல்லாதவர்கள் ஆவோம். சிதம்பரம் 19 ஆண்டு போராடி வாங்கியதை நாம் ஒரு படிவம் நிரப்பாமல் தொலைக்கலாமா?

சட்டம் இதுதான்: 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஓர் இடத்தில் மட்டுமே இருக்கலாம், அது அவர் சாதாரணமாகக் குடியிருக்கும் இடமாக இருக்க வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பது ஒன்றே அங்கே குடியிருப்பதாக ஆகாது. வாடகை வீட்டில் இருப்பவனுக்கும் வாக்கு உண்டு. குடும்பத்தோடு இங்கேயே வாழ்கிறவர்கள் படிவம் 8-ஐக் கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளலாம். எங்குமே பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் 6. இரண்டு மாத வேலைக்கு வந்து திரும்புகிறவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் அங்குள்ள உரிமை போய்விடாது. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொய் உறுதிமொழி தருவது குற்றம்.

"பெயரை மாற்றினால் ஊரில் ரேஷன் அட்டை போய்விடும், மகளிர் உரிமைத் தொகை போய்விடும்" என்ற பயம் நம் பெண்களிடம் இருக்கிறது. இது அலட்சியம் செய்யக்கூடிய பயம் அல்ல. மாதம் ஆயிரம் ரூபாய் என்பது ஏழை வீட்டில் சிறிய தொகை அல்ல. ஆனால் வாக்காளர் பட்டியல் வேறு, ரேஷன் அட்டை வேறு. ஒன்றைத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது, மற்றொன்றை மாநில அரசின் உணவு வழங்கல் துறை நடத்துகிறது. அவரவர் குடும்பத்தின் நிலையைக் கேட்டறிந்து, எது பொருந்தும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை. பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவது யாருக்கும் உதவாது.

இரண்டாவது, பிள்ளைகளின் தமிழ். கேரளத்தில் தமிழ் ஒரு மொழிச் சிறுபான்மை. இங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுத வழி உண்டு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு வழி வகுக்கிறது. கேட்கும் ஆள் இருந்தால்தான் வழி திறக்கும். பள்ளி கிடைக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் வகுப்பு நடத்த முடியாதா? நம் பிள்ளைகள் மலையாளம் நன்றாகப் படிக்கட்டும். இந்த மண்ணின் மொழி அது, சோறு போடும் மொழி. அதற்காக அப்பன் எழுதும் கடிதத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளையாக வளர வேண்டியதில்லை.

மூன்றாவது, உள்ளூர்த் தொழிலாளியோடு ஒரே சங்கத்தில் நிற்பது. காண்டிராக்டர் உள்ளூர்க் கூலியைவிட நூறு ரூபாய் குறைத்துக் கூப்பிட்டால் போகக் கூடாது. அந்த நூறு ரூபாய்தான் குவாதலூப்பில் இரு ஏழைகளுக்கு நடுவே நூறு ஆண்டுப் பகையாக வளர்ந்தது. இன்று நாம் அண்ணாச்சிகளாக இருக்கிறோம். நமக்குப் பின்னால் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நம்மைப் பார்த்து உள்ளூர்க்காரன் முணுமுணுத்ததையே அவர்களைப் பார்த்து நாம் முணுமுணுக்கலாமா? வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-ல் வந்த தனிச் சட்டத்தைக்கூட 2020-ல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். இந்த நிலையில் தனித்தனியாக நிற்பவன் தனித்தனியாகவே விழுவான்.

தோழர்களே, ஒரேலி கப்பலில் போனவர்களுக்குப் படிப்பில்லை, சங்கமில்லை, திரும்பி வர வழியில்லை. அவர்கள் வாக்கைத் தாமதமாகப் பெற்றார்கள்; ஒற்றுமையை இன்னும் தாமதமாகப் பெற்றார்கள்; மொழியை இழந்தார்கள். நமக்கு மூன்றுக்கும் வழி கண்ணெதிரே இருக்கிறது. இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்கள் பெயரைச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.